கிடைத்த கற்கள் எல்லாம் ஒரே வீழ்ச்சியா? விண்கல் சேகரிக்கப் புதிதாக வருபவர்களுக்கு

1969 டிசம்பரில் கிழக்கு அண்டார்க்டிகாவின் யமாட்டோ மலைப்பகுதியில், பனி எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று அளந்துகொண்டிருந்த ஜப்பானியக் குழு ஒன்று, பனியின் மேல் கிடந்த ஒன்பது கற்களைப் பொறுக்கியது. எல்லாமே விண்கற்கள். சில கிலோமீட்டருக்குள் கிடந்தவை. ஏதோ ஒரு பெரிய கல் வானத்தில் உடைந்து ஒன்பதாகச் சிதறியிருக்கிறது என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆராய்ந்து பார்த்தால், ஒன்று என்ஸ்டடைட் காண்ட்ரைட், ஒன்று டயோஜெனைட், ஒன்று கரிமக் காண்ட்ரைட், இன்னும் சில சாதாரணக் காண்ட்ரைட். சாதாரணமாக ஒரே கல்லிலிருந்து வராத வகைகள். வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு இடத்தில் விழுந்த கற்களைப் பனி சுமந்துவந்து ஓரிடத்தில் சேர்த்து வைத்திருந்தது. அண்டார்க்டிகாவில் விண்கல் தேடப் போகும் வழக்கம் இந்த ஒன்பது கற்களிலிருந்துதான் தொடங்கியது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 2008 அக்டோபர் 6-ஆம் தேதி அமெரிக்காவின் அரிசோனாவிலிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். மறுநாளே அது சூடானின் நூபியப் பாலைவனத்துக்கு மேல் வெடித்துச் சிதறியது. வருவது முன்கூட்டியே தெரிந்து, வந்து விழுந்த முதல் கல் அதுதான். கார்ட்டூம் பல்கலைக்கழக மாணவர்கள் வரிசையாக நடந்து நூற்றுக்கணக்கான துண்டுகளைப் பொறுக்கினார்கள். பக்கத்திலிருந்த ரயில் நிலையத்தின் பெயரையே அந்தக் கற்களுக்கும் வைத்தார்கள்: அல்மஹாட்டா சித்தா, அதாவது ஆறாம் நிலையம். பெரும்பாலானவை யூரிலைட் என்ற அரிய வகை. ஆனால் அதே மணலில் என்ஸ்டடைட் காண்ட்ரைட்டும் சாதாரணக் காண்ட்ரைட்டும் கிடைத்தன. பழைய கற்கள் கலந்துவிட்டனவோ என்ற சந்தேகம் வந்தது. வேறு வகையைச் சேர்ந்த சில கற்களை அளந்து பார்த்தபோது, விண்வெளியில் உண்டாகிச் சீக்கிரமே அழிந்துபோகும் கதிரியக்க அணுக்கள் அவற்றில் இன்னும் மிச்சமிருந்தன. அப்படியானால் அவையும் புதிதாக விழுந்தவைதான். அந்தச் சிறுகோளே பல வகைக் கற்கள் ஒட்டிச் சேர்ந்த ஒரு குவியல்.

இந்த இரண்டு கதைகளையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். பக்கத்தில் கிடந்தால் ஒன்று என்று சொல்ல முடியாது. பார்க்க வேறாக இருந்தால் வேறு என்றும் சொல்ல முடியாது. ஒரே வீழ்ச்சியைச் சேர்ந்தவற்றை இணைக் கற்கள் என்கிறோம். இணையா இல்லையா என்று பார்க்கும்போது, ஒற்றுமைகளை எண்ணிக்கொண்டு போகாதீர்கள். "இவை இரண்டும் வேறு" என்று காட்டக்கூடிய ஒரு சான்றை முழு மூச்சோடு தேடுங்கள். அப்படித் தேடியும் கிடைக்காதபோதுதான் இணை என்ற பேச்சே வர வேண்டும்.

கல்லைத் தொடுவதற்கு முன்

பாலைவனத்திலோ வறண்ட ஏரிப் படுகையிலோ ஒரு கல்லைப் பார்த்தவுடன் கை தானாக நீளும். கொஞ்சம் பொறுங்கள். கிடந்த நிலையிலேயே பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். ஜி.பி.எஸ். குறியீட்டைப் பதிவு செய்யுங்கள். எவ்வளவு ஆழம் புதைந்திருந்தது, எந்தப் பக்கம் மேலே இருந்தது, சுற்றி மணலா சரளையா, எல்லாவற்றையும் எழுதுங்கள். அப்புறம் எடுத்து, தனி உறையில் போட்டு, உறையின் மேல் எண் எழுதுங்கள். பத்துக் கற்களை ஒரே பையில் போட்டுக் கொண்டுவந்தால், எது எங்கே கிடந்தது என்பதை எந்த ஆய்வகத்தாலும் திருப்பித் தர முடியாது.

இன்னொன்று: காந்தத்தை ஒட்டிப் பார்க்காதீர்கள். விண்கல்லா என்று சோதிக்க எல்லோரும் முதலில் செய்வது அதுதான், அது எனக்கு மிகவும் வருத்தம் தரும் பழக்கம். வலுவான காந்தம் பட்டவுடன் கல்லுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இருந்த காந்தப் பதிவு அழிந்து, உங்கள் காந்தத்தின் பதிவு ஏறிவிடுகிறது. செவ்வாயிலிருந்து வந்த வடமேற்கு ஆப்பிரிக்கா 7034 என்ற அற்புதமான கறுப்புக் கல்லுக்கு இப்படித்தான் நேர்ந்தது. விஞ்ஞானிகள் கைக்குப் போவதற்கு முன்பே யாரோ காந்தம் வைத்துவிட்டார்கள். செவ்வாயின் பழைய காந்தப்புலத்தைச் சொல்லியிருக்கக்கூடிய பதிவு போயே போய்விட்டது. காந்த ஏற்புத்திறனை, அதாவது காந்தப்புலத்துக்குக் கல் எவ்வளவு இணங்குகிறது என்பதை, அளக்கக் கைக்கு அடக்கமான கருவிகள் இருக்கின்றன. அவை மிக மெல்லிய புலத்தைத்தான் பயன்படுத்துகின்றன, பதிவுக்குக் கெடுதல் இல்லை.

உடைந்த முகங்கள் சேருகின்றனவா

எல்லாச் சோதனைகளுக்கும் முந்தியது, செலவே இல்லாதது. இரண்டு துண்டுகளிலும் உடைந்த முகம் இருந்தால் பொருத்திப் பாருங்கள். சரியாகப் பொருந்தும் துண்டுகள் கையில் நின்றுவிடும், லேசாகத் திருகினாலும் நகராது. ஒரு பக்கத்து மேடு மறுபக்கத்துப் பள்ளத்தில் போய் உட்கார்ந்து, வானத்தில் வரும்போது மேற்பரப்பு உருகி உண்டான கருந்தோலின் விளிம்பும் ஒரே கோடாக ஓடும். அப்படிச் சேர்ந்தால் விவாதமே முடிந்தது, அது ஒரே கல். சேராவிட்டால் எதுவும் நிரூபணம் ஆகவில்லை. வானத்திலேயே பிரிந்த துண்டுகளின் உடைந்த முகங்கள் மறுபடி உருகித் தோல் போர்த்திக்கொண்டிருக்கும்.

வரைபடத்தில் போடுங்கள்

சாய்வாக வரும் ஒரு கல் வானத்தில் உடைந்தால், துண்டுகள் நீள்வட்டமான பரப்பில் விழும். எடை அதிகமான துண்டுகளைக் காற்று அவ்வளவு சுலபத்தில் நிறுத்த முடியாது, அதனால் அவை பயணத் திசையில் தொலைவாகப் போய் விழும். சின்னத் துண்டுகள் முன்னாலேயே விழுந்துவிடும், மேல்காற்று அவற்றைப் பக்கவாட்டிலும் ஒதுக்கும். எனவே ஒவ்வொரு கல்லையும் வரைபடத்தில் புள்ளியாக வைத்து, புள்ளியின் அளவை எடைக்குத் தக்கபடி போடுங்கள். ஒரு முனையில் பெரிதும் மறு முனையில் சிறிதுமாக வரிசை தெரிந்தால், அது நல்ல சான்று. ஓமானில் ஜித்தத் அல் ஹராசிஸ் 073 என்ற சிதறல் களத்தில் 3,000-க்கும் மேற்பட்ட கற்கள், ஏறத்தாழ 600 கிலோ, இப்படி எடைவாரியாக வரிசைப்பட்டுக் கிடந்தன.

ஆனால் நீள்வட்டத்துக்குள் இருப்பதெல்லாம் அந்த வீழ்ச்சிதான் என்று இருந்துவிடாதீர்கள். அரிசோனாவின் கோல்ட் பேசின் பகுதியில், 1995-இல் மெட்டல் டிடெக்டரோடு தங்கம் தேடிக்கொண்டிருந்த ஜிம் க்ரீக் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர் முதல் விண்கல்லைக் கண்டெடுத்தார். அப்புறம் ஆயிரக்கணக்கில் கிடைத்தன, பெரும்பாலும் எல்4 என்ற ஒரே வகை (இந்த எழுத்துக்கும் எண்ணுக்கும் பொருள் பின்னால் வரும்). நடுநடுவே வேறு வகைக் கற்களும் வந்தன, அவை வேறு வீழ்ச்சியின் எச்சம். அந்தப் பெரிய வீழ்ச்சி நடந்து சுமார் 15,000 ஆண்டுகள் ஆகின்றன. அவ்வளவு காலம் திறந்து கிடக்கும் நிலத்தில் வேறு கல் விழுந்திருப்பதில் என்ன ஆச்சரியம்?

இந்தப் படி சில இடங்களில் பயன்படவே படாது. அண்டார்க்டிகாவில் பனி கற்களை இடம் மாற்றிவிடுகிறது. மொராக்கோச் சந்தையில் வாங்கிய கல்லுக்குக் கிடந்த இடமே தெரியாது, அதனால்தான் அவற்றுக்கு வடமேற்கு ஆப்பிரிக்கா என்று பொதுப் பெயரும் ஓர் எண்ணும் மட்டும் தருகிறார்கள். மனிதர்களும் தூக்கிக்கொண்டு போவார்கள். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ஹேவனா என்ற ஊரில், பழங்குடிப் புதைமேட்டிலிருந்து எடுத்த இரும்பு மணிகள், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே மினசோட்டாவில் கிடைத்த அனோக்கா இரும்பு விண்கல்லோடு வேதியியலில் ஒத்துப்போகின்றன. 2017-இல் இது வெளியானது. கிடைத்த இடத்தை மட்டும் நம்பியிருந்தால் இந்த உறவு தெரிந்திருக்கவே போவதில்லை.

வெட்டிப் பார்ப்பது

வெளித்தோற்றத்தில் இரண்டு கற்கள் எவ்வளவு ஒத்திருந்தாலும் அதற்கு மதிப்பு குறைவு. பாலைவனத்தில் நெடுங்காலம் கிடந்த கல் எதுவானாலும் பழுப்பாகி, பளபளத்து, அண்ணன் தம்பி போல ஆகிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவி கண்காட்சி ஒன்றில் இரண்டு கற்கள் வாங்கிவந்தாள். ஒரே வீழ்ச்சி என்று சொல்லி விற்றிருந்தார்கள். இரண்டும் கோழிமுட்டை அளவு, ஒரே நிறம், ஒரே வழவழப்பு. "அக்கா, இது ரெண்டும் ஒண்ணுதானே?" என்று மேசைமேல் வைத்தாள். ஒவ்வொன்றிலும் ஓரமாக நகம் அளவு ஒரு ஜன்னல் தேய்த்தோம். தண்ணீர் விடாமல், முதலில் முரட்டு உப்புத்தாள், பிறகு நைஸ் தாள். (தண்ணீர் பட்டால் உள்ளே இருக்கும் இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கும். வேறு வழியில்லாவிட்டால் ஸ்பிரிட் தொட்டுத் தேய்க்கலாம்.) பத்து மடங்கு லென்ஸில் பார்த்தபோது முதல் கல்லில் வெள்ளி மணல் தூவியது போல உலோகப் புள்ளிகள் நெருக்கமாக மின்னின. இரண்டாவதில் புள்ளிகள் குறைவு, இடைவெளி அதிகம். காண்ட்ரூல் எனப்படும் உருண்டை மணிகள் முதல் கல்லில் விளிம்பு தெளிவாக, தனித்தனியாக நின்றன. இரண்டாவதில் அவை சுற்றியுள்ள பொடியோடு கரைந்து, உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தன. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

ஜன்னல் பார்வை வெறும் துப்புதான். ஒரு கல்லுக்குள்ளேயே உலோகம் ஓரிடத்தில் கூடி ஓரிடத்தில் குறைந்திருக்கும். அதனால் அடுத்த படிக்குப் போயாக வேண்டும்.

வகை என்ன

பூமியில் விழும் கற்களில் பெரும்பகுதி சாதாரணக் காண்ட்ரைட். இவற்றில் இரும்பு அதிகம் உள்ளது எச், குறைவானது எல், அதைவிடக் குறைவானது எல்.எல். காந்த ஏற்புத்திறன் கருவியை வைத்தாலே ஓரளவு பிரிந்துவிடும். புதிதாக விழுந்த கற்களில் மடக்கை மதிப்பு எச் வகைக்கு 5.3-ஐ ஒட்டியும், எல் வகைக்கு 4.9-ஐ ஒட்டியும், எல்.எல். வகைக்கு 4.1-ஐ ஒட்டியும் வரும். துரு ஏற ஏற இந்த எண் இறங்கும், ஆகவே பழைய எச் கல் ஒன்று எல் போல நடிக்கலாம்.

உறுதியான விடை ஒலிவின் கனிமத்தில் இருக்கிறது. கல்லிலிருந்து மெல்லிய சீவல் எடுத்து, பளபளப்பாக்கி, எலெக்ட்ரான் மைக்ரோபுரோப் என்ற, கனிமத்தின் கலவையை அளக்கும் கருவியில், ஒலிவினில் எத்தனை சதம் ஃபயலைட் (அதாவது அதன் இரும்புப் பங்கு) என்று அளப்பார்கள். எச் வகைக்கு ஏறத்தாழ 16 முதல் 20, எல் வகைக்கு 22 முதல் 26, எல்.எல். வகைக்கு 27 முதல் 32. இதோடு பைராக்சீன் என்ற கனிமத்தின் இரும்பு அளவும், கல் எவ்வளவு வெந்தது என்று காட்டும் 3 முதல் 6 வரையிலான எண்ணும் சேரும்; எல் வகையில் எண் 4 என்றால் எல்4.

ஒன்று 18, மற்றது 25 என்று வந்தால், சாதாரணமாக அங்கேயே முடிந்தது, இணை இல்லை. இரண்டும் 24.6, 24.9 என்று வந்தால்? இங்கேதான் புதியவர்கள் வழுக்குகிறார்கள். எல்6 என்பது உலகத்திலேயே மலிந்து கிடக்கும் வகை. பேருந்து நிலையத்தில் இரண்டு பேர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தால் உறவினர்கள் என்று சொல்வோமா? எண் ஒத்துப்போனால், தடுக்கும் சான்று இந்தப் படியில் கிடைக்கவில்லை என்று மட்டும் எழுதுங்கள்.

அரிய வகை என்றால் கணக்கு தலைகீழ். முன்னே சொன்ன வடமேற்கு ஆப்பிரிக்கா 7034, 320 கிராம் எடையுள்ள செவ்வாய்க் கல். பல பாறைத் துணுக்குகள் ஒட்டிச் சேர்ந்த கறுப்புக் கல், அதுவரை அப்படி ஒன்று யாரும் பார்த்ததில்லை. அதே தோற்றம், அதே கலவையோடு 7475, 7533 போன்ற கற்கள் அடுத்தடுத்து அதே பாலைவனப் பகுதியிலிருந்து வந்தபோது, இணை என்று சொல்வதற்கு யாரும் தயங்கவில்லை. எவ்வளவு அரிதோ அவ்வளவு பலம் அந்த ஒற்றுமைக்கு.

துணுக்குகள் ஒட்டிய கற்களில் இன்னொரு கவனம் வேண்டும். வடமேற்கு ஆப்பிரிக்கா 869 என்ற கல்லின் வகையே எல்3-6 என்று போட்டிருப்பார்கள். அதிலிருந்து சின்னத் துண்டு கிடைத்தவர் 4 என்பார், இன்னொருவர் 6 என்பார், இருவரும் பொய் சொல்லவில்லை. இப்படிப்பட்ட கல்லில் ஒரு சீவலை மட்டும் வைத்து வேறு என்று முடிவு கட்டாதீர்கள்.

இரும்பு விண்கற்களுக்கு ஒலிவின் கணக்கு உதவாது. நிக்கல், காலியம், ஜெர்மானியம், இரிடியம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

அதிர்ச்சியும் துருவும்

விண்வெளி மோதலில் கல் பட்ட அடியை எஸ்1 முதல் எஸ்6 வரையும், பூமியில் பட்ட துருவை டபிள்யூ0 முதல் டபிள்யூ6 வரையும் தரம் பிரிப்பார்கள். பட்டியலில் இவை ஒத்திருப்பதைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம், வேறுபடுவதைப் பார்த்துக் கவலையும் வேண்டாம். பெரிய கல்லின் ஒரு பக்கம் அதிகம் அடிபட்டிருக்கும். பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய இடத்தில் கிடந்த துண்டு, மேட்டில் கிடந்த தன் சகோதரனைவிட இரண்டு படி அதிகம் துருவேறியிருக்கும். நான் இந்த இரண்டையும் பக்கத்துணையாக மட்டுமே வைத்துக்கொள்வேன்.

காலத்தை அளப்பது

செலவு அதிகம், ஆனால் இதற்குமேல் சாட்சி கிடையாது. இரண்டு கடிகாரங்கள் இருக்கின்றன.

முதல் கடிகாரம், தாய்ச் சிறுகோளிலிருந்து உடைந்து தனியே அலைந்த காலம். காஸ்மிக் கதிர்கள் கல்லில் மோதி நியான்-21, ஹீலியம்-3 போன்றவற்றை உண்டாக்குகின்றன. எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் அலைந்த ஆண்டுகள் கிடைக்கும். ஒன்று 5 கோடி ஆண்டு, மற்றது 50 லட்சம் ஆண்டு என்று வந்தால் பெரும்பாலும் பிரித்துவிடலாம். ஆனால் பெரிய கல்லின் ஆழத்தில் இருந்த துண்டுக்குக் கதிர் குறைவாகத்தான் எட்டியிருக்கும், அதற்கான திருத்தத்தை ஆய்வகம் செய்ததா என்று கேளுங்கள். எச் வகையில் இன்னொரு சிக்கல்: 70, 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நடந்த மோதலில் ஏராளமான எச் கற்கள் ஒரே வேளையில் உடைந்து கிளம்பியிருக்கின்றன. ஆகவே இரண்டு எச் கற்களுக்கும் 70 லட்சம் ஆண்டு என்று வந்தால் அதை ஒற்றுமையாகவே எண்ண வேண்டாம்.

இரண்டாவது கடிகாரம், பூமியில் விழுந்த பிறகு ஆன காலம். விழுந்ததும் காற்றுமண்டலம் குடை பிடித்துவிடுகிறது, புதிதாகக் கதிரியக்க அணுக்கள் உண்டாவது ஏறத்தாழ நின்றுவிடும், இருப்பது தேய ஆரம்பிக்கும். பாலைவனக் கற்களுக்குக் கார்பன்-14 பொருத்தம், 5,730 ஆண்டில் பாதியாகும். அண்டார்க்டிகாவின் மிகப் பழைய கற்களுக்குக் குளோரின்-36, அது பாதியாக சுமார் 3 லட்சம் ஆண்டு. ஒரே நாளில் விழுந்தவை என்றால் இந்தக் கடிகாரம் பிழை வரம்புக்குள் ஒத்துப்போயே தீர வேண்டும். ஒன்று 8,000 ஆண்டு, மற்றது 25,000 ஆண்டு என்றால் வேறு எது ஒத்தாலும் பயனில்லை.

ஒரே தாய், ஒரே வீழ்ச்சி: இரண்டும் வேறு

இதில் பெரியவர்களே குழம்பிப் பார்த்திருக்கிறேன். 1815-இல் பிரான்சின் ஷசின்யியில் ஒரு கல் விழுந்தது. 1911-இல் எகிப்தின் நக்லாவில் கற்கள் விழுந்தன. இரண்டையும் மக்கள் கண்ணால் பார்த்தார்கள், இடையே 96 ஆண்டு. ஆனாலும் இரண்டும் செவ்வாய்க் கற்கள், இரண்டும் சுமார் 1.1 கோடி ஆண்டுகளுக்கு முன் செவ்வாயிலிருந்து கிளம்பியவை, அனேகமாக ஒரே மோதலில். இது புறப்பாட்டில் இணை, வீழ்ச்சியில் இணை அல்ல. முதல் கடிகாரம் மட்டும் ஒத்துப்போகும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிடாதீர்கள்.

வந்த பாதை ஒத்திருப்பதும் போதாது. 1959 ஏப்ரல் 7-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் பிரிப்ராமில் விழுந்த கல்லும், 2002 ஏப்ரல் 6-இல் ஜெர்மனியின் நொய்ஷ்வான்ஷ்டைனில் விழுந்த கல்லும் ஏறக்குறைய ஒரே சுற்றுப்பாதையில் வந்தவை. முதலாவது எச்5, இரண்டாவது என்ஸ்டடைட் காண்ட்ரைட்.

முடிவை எழுதும் விதம்

விண்கற்களுக்குப் பெயர் கொடுப்பது மீட்டியோரிட்டிக்கல் சொசைட்டியின் பெயரிடும் குழு. கற்கள் நெருக்கமாகக் கிடைக்கும் பகுதிகளில், மிகப் பலமான சான்று இல்லாமல் இரண்டு கற்களுக்கு ஒரே பெயர் தரமாட்டார்கள். தனித்தனி எண் கொடுத்து, இணையாக இருக்கலாம் என்று குறித்து வைப்பார்கள். உங்கள் குறிப்பேட்டிலும் அதையே செய்யுங்கள். தனி எண்ணோடு இருக்கும் இரண்டு கற்களைப் பின்னாளில் சேர்ப்பது சுலபம். ஒரே பெயரில் கலந்துவிட்டவற்றைப் பிரிப்பது கிட்டத்தட்ட முடியாத வேலை. என்ன பார்த்தீர்கள், எதைப் பார்க்கவில்லை, இரண்டையும் எழுதுங்கள். "வகை ஒத்துள்ளது, 1.2 கி.மீ. இடைவெளி, பூமியில் கிடந்த காலம் அளக்கப்படவில்லை, இணையாக இருக்கலாம்" என்று ஒரு வரி போதும்.

அந்த மாணவியின் கற்களுக்கு விடை கிடைக்க ஏழு மாதம் ஆனது. முதல் கல் எச் வகை, இரண்டாவது எல். துணுக்குகள் ஒட்டிய அடையாளம் இரண்டிலுமே இல்லை. விற்றவர் கொடுத்த ஒரே சீட்டை அவள் கிழிக்கவில்லை, அதுவும் கற்களின் வரலாறு என்று சொல்லிப் பெட்டியின் அடியில் வைத்தாள். பிறகு இரண்டு சிறிய டப்பா வாங்கி, ஒவ்வொன்றிலும் தனி எண் ஒட்டி, கற்களைப் பிரித்து வைத்தாள்.